திரிந்த பாலும் செங்காய்க் கொய்யாவும்

மாலை 4.15 மணிக்குப் பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். பேத்தி இறங்கிப் புத்தகப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்புச்சி, பசிக்கிறது" என்பாள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட குழந்தை. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியை வெகுநாள் கிரீம் பிஸ்கட்டும் பேக்கரி பப்ஸும்தான் நிரப்பிக்கொண்டிருந்தன. தின்று அரை மணி நேரத்தில் மறுபடியும் பசி என்று வந்து நிற்பாள். வெறும் பழத்தை நறுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஆறு மணிக்கு மேல் அதுவும் தாங்கவில்லை. பழத்தோடு வீட்டில் செய்த பனீரைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், எட்டு மணி வரை சமையலறைப் பக்கம் வராமல் விளையாடினாள். இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நான்கு நாள் இதைச் செய்கிறேன். மகளுக்கு வேலை, மனைவிக்கு மூட்டுவலி. அடுப்படியில் இந்த ஒரு வேலை என்னுடையது.

பழனிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் வேலை பார்த்தேன். கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பதும், கெர்பர் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றிச் சுற்றவிட்டுக் கொழுப்பு பார்ப்பதும் என் வேலை. சந்தேகமான பால் வந்தால் சோதனைக் குழாயில் 5 மில்லி எடுத்துக் கொதிநீரில் நிறுத்துவோம். திரிந்துபோனால் அந்தப் பாலை வாங்கமாட்டோம். வேலிக்கு வெளியே நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஒரு வேளைப் பால் போனால் ஒரு நாள் தீவனக் காசு போயிற்று. ஆகையால் திரிந்த பால் என்றால் என் காதுக்கு அது நஷ்டம் என்றே கேட்கும். ஓய்வு பெற்ற பிறகுதான், நல்ல பாலை வேண்டுமென்றே திரிய வைத்து உணவாக்கப் பழகினேன்.

தானாகத் திரிந்த பாலில் பனீர் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். நல்ல பாலில் எலுமிச்சைச் சாறு ஊற்றித் திரிய வைப்பது வேறு, கிருமி பெருகி அதன் புளிப்பில் பால் தானே திரிவது வேறு. எந்தக் கிருமி வேலை செய்தது என்று நமக்குத் தெரியாத பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப் புத்தகங்களில் சீஸை 'பாலாடைக்கட்டி' என்று எழுதுகிறார்கள். பாலாடை என்றால் காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு. சீஸும் பனீரும் அந்த ஏட்டிலிருந்து வருவதில்லை. பாலில் நுண்துகள்களாகப் பரவிக் கிடக்கும் கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி, கொழுப்பையும் தன்னோடு பிடித்துக்கொண்டு கட்டிப்படுவதுதான் சீஸ். 'பால்கட்டி' என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கடையில் கேட்கும்போது எல்லோரும் பனீர் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

மூன்று பேருக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு லிட்டர் பால், இரண்டு நடுத்தர எலுமிச்சம்பழம், செங்காய்ப் பதத்தில் இரண்டு பெரிய கொய்யா, மிளகு, சிட்டிகை உப்பு, ஒரு கரண்டித் தேன் அல்லது சீவிய கருப்பட்டி, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. கூடவே ஒரு சுத்தமான மல் துணி. மல் துணி இல்லையென்றால் பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டு அதைவிட நன்றாக வடிக்கும்.

பாலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஆவின் பாக்கெட்டில் நீல நிறம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நீல பாக்கெட்டிலும் பனீர் வரும். ஆனால் கொஞ்சமாக வரும், கடித்தால் ரப்பர் போல இழுக்கும். இந்தச் சிற்றுண்டிக்கு நான் பச்சையைத்தான் எடுக்கிறேன். ஒரு லிட்டரில் 150 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். ஆரஞ்சில் 200 கிராம் வரை வரும், வெண்ணெய் போல மென்மையாகவும் இருக்கும். எடை கூடாத ஒல்லிக் குழந்தை வீட்டில் இருந்தால் அதை வாங்குங்கள். கறந்த பால் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். எருமைப் பாலும் பசும்பாலும் பாதிப் பாதி கலந்து செய்தால் எருமையின் கெட்டியும் பசுவின் மென்மையும் சேர்ந்து வரும். மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாத அட்டைப்பெட்டிப் பாலை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய பால் அது. கட்டி சேராமல் பொடிப்பொடியாக நிற்கும்.

எங்கள் உறவினர் வீட்டில் ஒரு முறை நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்தும் பால் திரியவில்லை என்று போன் செய்தார்கள். போய்ப் பார்த்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்ததும் சோப்புச் சுவை லேசாகத் தெரிந்தது. சைக்கிளில் பால் ஊற்ற வந்தவர், பழைய பால் திரியாமல் இருப்பதற்காகச் சோடா மாவு கலந்திருக்கிறார். சோடா காரம், எலுமிச்சை அமிலம். ஒன்றை ஒன்று அடித்துவிட்டால் பால் எப்படித் திரியும்? வழக்கமான அளவு சாறு ஊற்றியும் அசையாத பாலை, விடாமல் பிழிந்துகொண்டே இருக்காமல் கொட்டிவிடுங்கள். அந்தப் பால் தன் கதையைச் சொல்லிவிட்டது.

திரிய வைக்கும் வேலை

அடி கனத்த பாத்திரத்தில் முதலில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் பாலை ஊற்றுங்கள். அடிப்பிடிப்பது குறையும். நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, பொங்கி எழுந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த உடனே சாற்றை ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கொதிக்கும் பாலில் அமிலம் விழுந்தால் புரதம் வெடுக்கென்று இறுகி, பனீர் கடினமாகும். இரண்டு மூன்று நிமிடம் மெல்லக் கிளறிக்கொண்டே இருங்கள். வெப்பமானி இருந்தால் 80 டிகிரி செல்சியஸுக்கு வரட்டும். இல்லையென்றால், மேலே குமிழி அடங்கி, ஆவி மட்டும் சீராக எழும் பதம் வரட்டும். அதற்கும் கீழே ஆறவிட்டால் கட்டி சரியாகச் சேராது, வடிநீர் வெள்ளையாகவே நிற்கும்.

இதற்குள் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, விதை எடுத்து, சாறு எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் சேர்த்து வைத்திருங்கள். இந்தத் தண்ணீர் முக்கியம். தனிச் சாறு விழுந்த இடத்தில் மட்டும் திரிந்து, மற்ற இடம் பாலாகவே நிற்கும். கரைத்த சாறு எங்கும் ஒன்றுபோல் பரவும். ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், இரண்டு சுற்றுக் கிளறுங்கள், நிறுத்திப் பாருங்கள். மறுபடி ஒரு கரண்டி. மூன்றாவது நான்காவது கரண்டியில் பால் மணல் மணலாகத் திரியத் தொடங்கும். அடுத்த கரண்டியில் வெண்மேகம் போலக் கட்டிகள் பிரிந்து ஒதுங்கும். இடையில் தேங்கும் நீர் வெள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். அது இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த தெளிந்த நிறத்துக்கு வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். கையில் சாறு மிச்சம் இருந்தாலும் ஊற்ற வேண்டாம். அந்தப் பச்சை கலந்த நிறம் பாலில் உள்ள ரிபோஃப்ளேவின் என்ற பி-2 வைட்டமினுடையது. எத்தனை முறை செய்தாலும் அந்த நிறம் வெளிப்படும் நேரத்தில் நான் பேத்தியைக் கூப்பிடுவேன். "வா கண்ணு, பால் பிரிகிறது பார்" என்றால் ஓடி வந்து முக்காலி மேல் ஏறி நின்று பார்ப்பாள்.

கரண்டியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு அடிக்காதீர்கள். கட்டிகள் உடைந்து ரவையாகிவிடும். பாத்திரத்தின் ஓரத்தோடு ஒட்டி மெல்லச் சுற்றினால் போதும். மூடிவைத்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

எலுமிச்சைக்குப் பதிலாக நன்றாகப் புளித்த தயிர் முக்கால் டம்ளரைக் கடைந்து ஊற்றலாம். எலுமிச்சை வாசனை இல்லாத, இன்னும் மென்மையான பனீர் வரும். முதல் நாள் வடித்த நீரைப் புளிக்க வைத்து அதையே அடுத்த நாள் ஊற்றுவது வங்காளத்து இனிப்புக்காரர்களின் வழி. கொய்யாவோடு சேர்க்க எனக்கு எலுமிச்சைதான் பிடிக்கும். அந்த மெல்லிய வாசனை கொய்யாவின் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

துணியை ஒரு வடிகூடையில் விரித்து ஊற்றுங்கள். கூடைக்கு அடியில் பாத்திரம் வையுங்கள், வடியும் நீர் வீணாக வேண்டாம். மேலே ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் புளிப்பை அலசிவிடுங்கள். ஒரே ஒரு முறைதான். திரும்பத் திரும்ப அலசினால் சுவையும் போய்விடும். துணியின் நான்கு முனையையும் சேர்த்து முறுக்கி, கையால் ஒரு தடவை மட்டும் பிழிந்து, குழாயில் கட்டி 10 நிமிடம் தொங்கவிடுங்கள்.

அதன் பிறகு பாரம். தட்டின் மேல் மூட்டையை வைத்து, ஒரு விரற்கடை உயரத்துக்குச் சதுரமாகத் தட்டி, மேலே இன்னொரு தட்டு வைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை ஏற்றுங்கள். எவ்வளவு நேரம் என்பது நீங்கள் எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 15 நிமிடத்தில் எடுத்தால் கையால் உதிர்க்கும் பதம். 40 நிமிடத்தில் கத்தியால் வில்லை போடும் பதம். ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் குழம்பில் போடத்தான் சரி, பழத்தோடு சாப்பிட வறண்டிருக்கும். நான் காலையில் ஒன்பது மணி வாக்கில் இந்த வேலையை முடித்து, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். மாலைக்குள் நன்றாக இறுகி, வெட்டினால் ஓரம் உதிராமல் நிற்கும்.

வடிந்த நீர் முக்கால் லிட்டருக்கு மேல் இருக்கும். அதில் சப்பாத்தி மாவு பிசைந்தால் சப்பாத்தி இரவு வரை மென்மையாக இருக்கிறது. புளியைக் குறைத்து ரசம் வைக்கலாம். என் மனைவி உப்பும் கிள்ளிய கறிவேப்பிலையும் போட்டு மோர் போலக் குடிக்கிறாள். மாடு வைத்திருக்கும் அண்டை வீட்டார் கழுநீர்த் தொட்டிக்குக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். செடிக்கு ஊற்றுவதானால் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். புளிப்பு வேரைச் சுடும்.

கொய்யா

எங்களூருக்குப் பக்கத்தில்தான் ஆயக்குடி. விடிவதற்கு முன்பே அங்கே கொய்யாச் சந்தை கூடிவிடும். பனி பெய்யும் மார்கழி தைக் காலத்தில் கூடைகளுக்கு நடுவே நடந்தால் உடுத்திய துணியிலெல்லாம் மணம் ஏறிக்கொள்ளும். மழைக்காலப் பழம் நீர்த்திருக்கும், புழுவும் இருக்கும். பனிக்காலப் பழம்தான் இனிப்பு. லக்னோ-49 ரகம் கிடைத்தால் வாங்குங்கள். பெரிய பழம், வெள்ளைச் சதை, பல்லைப் பதம் பார்க்காத மெல்லிய விதை. சிவப்புச் சதைக் கொய்யா தட்டில் அழகாக இருக்கும், ஆனால் பனீரோடு சேரும்போது வெள்ளையின் மணமே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

பழத்தைவிட முக்கியம் பதம். காயும் இல்லாமல் பழமும் இல்லாமல் இருக்கும் நிலையைச் செங்காய் என்போம். தோல் கரும்பச்சையிலிருந்து வெளிர்ந்து இளமஞ்சள் தட்டியிருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் மிகக் கொஞ்சமாக நெகிழ வேண்டும், பள்ளம் விழக் கூடாது. காம்புப் பக்கம் முகர்ந்தால் மணம் வர வேண்டும். காயாக வெட்டினால் துவர்ப்பு பனீரின் இனிய பால் சுவையை மறைத்துவிடும். முழுக்கப் பழுத்தால் குழைந்து, பனீரும் குழைந்து, கூழ்தான் மிஞ்சும். ஒன்று நறுக்கென்று கடிபட வேண்டும், இன்னொன்று நாக்கில் நெகிழ வேண்டும். இந்தச் சிற்றுண்டியின் சுகம் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

உடம்புக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. நார்ச்சத்தும் நிறைய. பாலில் நார்ச்சத்து அறவே இல்லை, வைட்டமின் சி பெயருக்குத்தான் இருக்கும். பனீரில் புரதம் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு நான் வைக்கும் 50 கிராம் துண்டில் 9 கிராம் அளவுக்குக் கிடைக்கும். அந்தப் புரதமும் கொழுப்பும்தான் பசியைத் தள்ளிப் போடுகின்றன. கொய்யாவுக்கு இல்லாதது பனீரிடம், பனீருக்கு இல்லாதது கொய்யாவிடம்.

பழத்தோடு பால் பொருளைச் சேர்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. பழனிப் பஞ்சாமிர்தம் என்ன? மலை வாழைப்பழமும் நெய்யும் தேனும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும்தானே. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. உலகத்தின் அந்தப் பக்கம் பிரேசிலிலும் கொய்யாவைச் சர்க்கரை போட்டுக் கெட்டியாகக் கிளறி வில்லை போட்டு, மீனாஸ் ஜெரைஸ் மாநிலத்து வெள்ளைச் சீஸோடு வைத்து உண்கிறார்கள். கொய்யா பிறந்தது அந்த அமெரிக்க மண்ணில்தான். நம் வாயில் புழங்கும் 'கொய்யா' என்ற சொல்லே போர்ச்சுகீசியரின் 'கொய்யாபா'விலிருந்து வந்ததுதான். பழம் கடல் கடந்து வந்தது, கூட்டாளியை இங்கே நாம் வீட்டிலேயே செய்துகொள்கிறோம்.

தட்டில் வைப்பது

வேன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு தொடங்குகிறேன். அதற்கு முன் வெட்டி வைப்பதில்லை. வெட்டிய கொய்யா காற்றுப் பட்டுப் பழுப்பேறும், பனீர் மேல் நீர் விட்டுக்கொள்ளும்.

கொய்யாவைத் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரை விரற்கடைக் கனத்தில் வட்ட வட்டமாக நறுக்குங்கள். பனீரை அதே கனத்தில், வட்டத்துக்குள் அடங்கும் சதுரமாக வெட்டுங்கள். ஒரு கொய்யா வட்டம், அதன் மேல் பனீர், அதன் மேல் இன்னொரு கொய்யா வட்டம். மிளகை அப்போதே அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, பனீர் மேல் தூவுங்கள். பொடியாக வாங்கிய மிளகில் அந்த வாசனை இல்லை. பனீரில் நாம் உப்புப் போடவில்லை என்பதால் சிட்டிகை உப்பு இங்கே. தேன் இரண்டு மூன்று சொட்டு மட்டும். கருப்பட்டியானால் கத்தியால் சீவி, தூள் விழுந்த அளவுக்கு. கடைசியாக ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை. பெரியவர்களுக்கு மிளகுக்குப் பதில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவலாம், பஸ் நிலையத்தில் கீறித் தரும் கொய்யாவின் சுவை அப்படியே வரும்.

என் மனைவிக்குப் பல் ஆடுகிறது, விதை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அவளுக்கு வேறு விதமாகச் செய்கிறேன். கொய்யாவை இரண்டாகப் பிளந்து, கரண்டியால் விதைப் பகுதியைச் சுற்றி எடுத்துவிட்டால் ஒரு கிண்ணம் கிடைக்கும். 15 நிமிடப் பதத்தில் எடுத்த பனீரை உதிர்த்து, வறுத்துப் பொடித்த சீரகமும் உப்பும் கலந்து அந்தக் கிண்ணத்தில் நிரப்பி, மேலே கருப்பட்டித் தூள். இதற்குப் பழம் செங்காயைவிட ஒரு நாள் கூடுதலாகப் பழுத்திருக்கலாம். எடுத்த விதைப் பகுதியை வடிகட்டியில் தேய்த்து, கூழைப் பனீரிலேயே கலந்துவிடுவேன். பழத்தின் மணமும் இனிப்பும் அதிகம் இருப்பது அந்த நடுப்பகுதியில்தான், எறிய மனம் வரவில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கடலையும் தேங்காய்ச் சில்லும் போன்ற கடினமானவை தொண்டையில் அடைக்கும், சேர்க்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சிற்றுண்டி ஆகாது. சிறுநீரகத் தொந்தரவுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கொய்யாவுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மற்ற பழங்கள்

கொய்யா இல்லாத மாதங்களில் வேறு பழங்களுக்குப் போகிறேன். விருப்பாட்சி மலை வாழை நன்றாகப் பழுத்தால் தேன் வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய உடன் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். கொடைக்கானல் பேரிக்காய் கொய்யாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் போல, அதே நறுக், அதே பொருத்தம். கம்பம் பன்னீர் திராட்சை வரும்போது பேத்திக்கு ஒரே உற்சாகம். "பன்னீரும் பனீரும் ஒரே தட்டிலா அப்புச்சி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். சின்னக் குழந்தைகளுக்குத் திராட்சையை நெடுக்கில் வெட்டி, விதை நீக்கித் தாருங்கள். முழுத் திராட்சை மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

அன்னாசியைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் சூடுபடுத்தாத அன்னாசித் துண்டுகளையும் பனீரையும் ஒன்றாகக் குலுக்கிப் பேத்தியின் டப்பாவில் போட்டு அனுப்பினேன். மாலையில் டப்பா அப்படியே திரும்பி வந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன், கசந்தது. பனீர் ஓரங்கள் கொழகொழவென்று ஆகியிருந்தன. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தை அறுத்துப் போடும். பால் புரதம் அப்படித் துண்டாகும்போது கசப்பு வெளிப்படும். 31 வருடம் பாலோடு இருந்தவன் இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும். குழந்தை அன்று பட்டினியாக இருந்தது என்னை வெகுவாக வருத்தியது. இப்போது அன்னாசி வில்லைகளைத் தோசைக்கல்லில் இரு புறமும் நன்றாகச் சூடேறும் வரை வாட்டி, ஆறிய பிறகு சேர்க்கிறேன். சூட்டில் நொதி செத்துவிடும், பழத்தின் இனிப்பும் கூடும். பப்பாளியிலும் கிவியிலும் இதே வகை நொதிகள் உண்டு. அவற்றை வெட்டிய உடனே சாப்பிட்டுவிடுங்கள், கலந்து வைக்காதீர்கள்.

டப்பாவில் கொடுத்தனுப்ப வேண்டுமானால் கொய்யாவும் பேரிக்காயும்தான் நம்பிக்கையானவை. பழம் ஒரு அறையிலும் பனீர் இன்னொரு அறையிலும் இருக்கட்டும், பழத்தில் எலுமிச்சை தடவியிருக்கட்டும். நம் ஊர் வெயிலில் பனீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. காலை இடைவேளைக்கு அனுப்பலாம், மதியத்துக்கு வேண்டாம்.

கடையில் வாங்குவதானால்

எல்லோராலும் வாரத்தில் மூன்று நாள் பால் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. கடைப் பனீர் வாங்கினால் உறையின் பின்புறத்தைப் படியுங்கள். பாலும் அமிலமும்தான் இருக்க வேண்டும். தாவர எண்ணெய் என்று இருந்தால் அது பனீர் போலச் செய்த வேறு பொருள். உதிரியாக வாங்கியதில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறிய பின் இரண்டு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்கள். நீலமாக மாறினால் மாவு இருக்கிறது. அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள்.

பளபளவென்று ஒவ்வொன்றாக உறையில் வரும் சீஸ் வில்லைகளை நான் இதற்கு வாங்குவதில்லை. அவற்றில் பதப்படுத்தும் உப்புகளும் சாதாரண உப்பும் சேர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த நம் சாப்பாட்டின் மேல் மாலையிலும் உப்பை ஏற்றுவானேன்? சீஸின் காரமான மணம் பிடித்தவர்கள் செடார் போன்ற கெட்டி வகையில் கட்டை விரல் அளவு எடுத்து, பேரிக்காயோடு சாப்பிடுங்கள். அப்போது உப்புத் தூவ வேண்டாம்.

மிஞ்சிய பனீரைத் தண்ணீரில் மூழ்கும்படி மூடி வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றினால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். தொட்டால் வழுக்கினாலோ புளித்த வாசனை வந்தாலோ சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். வடித்த துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் நூலுக்குள் இருக்கும் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை துவைத்தாலும் வாடை போகாது. பச்சைத் தண்ணீரில் பிசுபிசுப்பு போன பிறகு ஐந்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்து, நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள்.